மணி அடிக்காத கப்பல்

அன்புத் தம்பிக்கு,

கையில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா? தீக்காயத்தின் எரிச்சல் குறைந்ததா?

உன் போர்க்கப்பலின் புகை எச்சரிக்கை மணிக்கு மின்சுற்றுப் போர்டு செய்தது பாயான் பாருவில் எங்கள் தொழிற்சாலைதான். நம் நாட்டிலேயே கட்டும் கப்பல் என்று நீ பெருமைப்பட்டபோது நானும் பூரித்தேன். ஒவ்வொரு போர்டையும் எட்டு மணி நேரம் சூட்டில் வைத்துச் சோதிப்பது என் வேலை. கடைசிப் பெட்டியின்போது சூப்பர்வைசர், "லோரி வெளிய நிக்குது லா, சைன் பண்ணிடுங்கக்கா" என்றார். சோதிக்காமலே, சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வெள்ளோட்டத்தில் இயந்திர அறையில் தீப்பிடித்தும் மணி அடிக்கவில்லை. அங்கே காவல் பணியில் இருந்த நீ தூங்கிவிட்டாய் என்றார்கள் உன் அதிகாரிகள். எனக்குள் அந்தக் கையெழுத்து உறுத்தியது. இருந்தும் போனில், "உண்மையச் சொல்லு, தூங்கிட்டியா?" என்று கேட்டேன்.

"நீங்களும் நம்பலயாக்கா?" என்றாய்.

மூன்று வாரம் அந்தக் கையெழுத்தை மறைத்தேன். நேற்று, அந்தப் பெட்டிக்கென்று செய்ததில் தொழிற்சாலையில் மிஞ்சிய போர்டுகளைச் சூட்டில் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று செயலிழந்தன. மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விட்டது.

திங்கட்கிழமை உன் விசாரணையில் நான் சாட்சி சொல்கிறேன். என்னைக் கண்டதும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அங்கிருந்து போவேன்.

உன் அக்கா