தொலையாத சாவி

தொலையாத சாவியைத் தொலைந்துவிட்டது என்று சொன்ன ஒருத்தி, பிறகு அதை எங்கிருந்து கண்டெடுத்ததாகச் சொல்வது? மூன்று நாளாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை.

சாவி இப்போது என் முன்னால் மேசையில் இருக்கிறது. நம் மாவுக் கடையின் இரும்பு லாக்கர் சாவி. நீ அதில் முடிந்த பச்சை ரிப்பன் இன்னும் அவிழவில்லை. உளுந்து மாவு படிந்து காய்ந்து விறைத்துப்போயிருக்கிறது. முகர்ந்தால் லேசான புளிப்பு. இருந்தது ஒரே சாவி என்பதால், அது யாரிடம் இருக்கிறது என்று நாம் தினமும் ஒரு தடவையாவது சண்டை போட்டிருப்போம். நீ இறந்துபோய் நான்கு மாதம். சண்டைக்கு ஆளில்லாமல் அது என் கைப்பையிலேயே கிடக்கிறது. கடையில் மாவு கலக்கும் லோகேந்திராவிடம் மட்டும், அது உன் வீட்டில் எங்கோ தொலைந்துபோய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னை வைத்துத்தான் பொய் சொன்னேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாம் கடை போட்டபோது நான் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக நுண்ணுயிரியல் நடத்திச் சலித்துப்போய் வெளியே வந்திருந்தேன். நீ பல்லாவரத்தில் உன் அத்தாவின் அரிசி மண்டியில் வளர்ந்தவள். அப்போது ஒரே அடுக்குமாடியில் எதிர் எதிர் வீடு. மாடம்பாக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, இரண்டு பெரிய கிரைண்டர், காட்டாங்குளத்தூர் மெஸ்களுக்கு இட்லி மாவு. நான் வெப்பமானியோடு நிற்பேன். நீ அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது பழசுடி, தண்ணி ஜாஸ்தி குடிக்கும்" என்பாய். என் படிப்பை நீ மதித்த மாதிரியும் இருக்கும், கிண்டல் செய்த மாதிரியும் இருக்கும். "இன்னா புரொபசர், கிருமிங்கல்லாம் எந்திரிச்சுச்சா?" என்றுதான் காலையில் உள்ளே வருவாய்.

ஆட்கள் போனதுதான் முதல் அடி. தெருவிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்குப் போனார்கள். வாசலுக்கே பஸ் வருகிறது, உள்ளே ஏசி. நம் கொட்டகையில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 'ஆட்கள் தேவை' என்று நான் எழுதி மாட்டிய அட்டை வெயிலில் வெளுத்து, இரண்டாவது அட்டையும் வெளுத்தது. அதைப் பார்த்து ஒருவர் வந்தார். கிரைண்டரைச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப ஈரமா கீதே" என்று சொல்லிவிட்டுப் போனார். மாவுக் கடை ஈரமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்று நீ அன்று முழுக்கச் சிரித்தாய்.

கூடுவாஞ்சேரியில் அந்த ஏஜென்டைப் பிடித்ததும் நீதான். "இந்த ஊர் ஆள் கெடைக்க மாட்டான் மேடம். பீகார் ஆளுங்களும் இப்ப கட்டட வேலைக்குத்தான் போறாங்க. நேபாள் ஆள் தரேன். விசா கிசா ஒண்ணும் வேணாம்" என்றார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். "தாம்பரத்துல இட்லி மாவுக்கு ஃபாரின் ஆளு. போர்டுல போட்டுக்கலாமா?" என்றாய்.

மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்று பேருமே இல்லை. ஊறவைத்த அரிசி டப்பாக்களில் நுரைத்துக்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் ஏதோ ஓட்டலுக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத்தான் நான் அந்த விதியைப் போட்டேன். இனி யார் வந்தாலும் அவர்களுடைய குடியுரிமை அட்டையின் அசல் நம் லாக்கரில் இருக்கும். அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்தேன்.

நீ உப்பு டப்பாவின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அட்டையப் பூட்டினா ஆளு நின்னுடுவானா?"

"நிற்பான். வேறு வழி இருக்காது."

"அப்டி நிக்கறவன் உன் மாவக் கலக்குவானாடி?"

"கலக்குவான். வேலைதானே."

"சரி. நான் வேணாம்னு சொன்னேன், ஞாபகம் வெச்சுக்க" என்று எழுந்து போனாய். அந்தச் சண்டையில் நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

லோகேந்திரா ஏஜென்ட் மூலம் வந்தவன் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் மோமோ விற்பவர் அனுப்பி, தானாகவே வந்தான். முப்பத்து நான்கு வயது, மலை கிராமம், ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். அட்டையைக் கேட்டதும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தான். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரோ முன்பே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். விவரம் பதிய நீ அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாய். நானும் வந்தேன். "நேபாள்னா ஃபாரினாம்மா?" என்று அந்தக் காவலர் நம்மையே கேட்டார். "ஆமா சார், கிரிக்கெட் டீமே தனியா கீது" என்றாய். அவர் சமாதானமாகி எழுதிக்கொண்டார்.

அவன் பெயரை லோகு என்று சுருக்கினாய். நான் அவனோடு பாதி இந்தியில் பேசுவேன். நீ அதைக் கேட்டுவிட்டு வேண்டுமென்றே தமிழில் பேசுவாய். ஒரு வருடத்தில் அவனுக்குத் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அது உன் தமிழ். "உளுந்து இன்னும் ஊறல மேடம், டைம் கீது" என்று அவன் பின்னாலிருந்து சொல்லும்போது, இந்த நான்கு மாதத்தில் எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

உப்பு போட்டு மாவைக் கலப்பதை நீ யாரிடமும் விட்டதில்லை. கையால்தான் கலப்பாய். நான் கையுறை வாங்கி வந்தேன். தோலில் இருக்கும் கிருமிகள் எல்லார் தோலிலும் இருப்பவைதான், உன் கையில் தனியாக ஒன்றுமில்லை என்று விளக்கினேன். நீ கையுறையைப் போட்டுக்கொண்டு, முறைத்துக்கொண்டே கலந்தாய். அவன் வந்த மூன்றாம் மாதம் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, "மணிக்கட்டு வரைக்கும் உள்ள வுடு லோகு, பயப்படாத. அடியிலேருந்து தூக்கு" என்றாய். அதன் பிறகு நீ கலக்கவே இல்லை. உடம்பு முடியாததால்தான் அவனைப் பழக்கினாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீயும் சொல்லவில்லை.

நீ போன பிறகு நான் இரண்டு தடவை கலந்து பார்த்தேன். இரண்டு தடவையும் மாவு சரியாகப் பொங்கவில்லை. அறை வெப்பநிலை காரணம் என்று நோட்டில் எழுதினேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. கடை இப்போது ஒரே ஒருவனின் கையில் நிற்கிறது. அவன் போனால் மூட வேண்டியதுதான். மூடினால் எனக்கு இந்த வயதில் எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்கப்போவதில்லை.

போன திங்கட்கிழமை, கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"மேடம், அட்டை வேணும். ஊருக்குப் போவணும்."

"என்ன விஷயம்?"

"கத்தார்ல ஓட்டல் வேலை. மச்சான் பேசிக்கீறான். பாஸ்போர்ட் எடுக்கணும். அதுக்கு ஒரிஜினல் கேக்கறாங்க."

எப்போது போக வேண்டும் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தேதி எனக்குத் தெரிந்துவிடும். சாவி என் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

"சாவி அக்காகிட்ட இருந்தது லோகு. அவங்க வீட்டில் எங்கேயோ... கிடைக்கவில்லை."

உன் பேச்சு வந்ததும் அவன் குழாயை மூடினான். "பூட்ட ஒடைச்சிடலாமா மேடம்?"

"லாக்கரில் பாதி அவங்களுடையது. வீட்டில் கேட்காமல் உடைக்கக் கூடாது."

எவ்வளவு சுலபமாக வந்தது பார். வகுப்பில் பதில் தெரியாத கேள்விக்குக்கூட நான் இவ்வளவு சரளமாகப் பேசியதில்லை. அவன் சந்தேகப்படவில்லை. "சரி, தேடலாம்" என்றான். என்னைத்தான் தேடச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை உன் மகள் போன் செய்தாள்.

"ஆண்ட்டி, லோகு அண்ணா வந்திருந்தாரு. லாக்கர் சாவி அம்மாகிட்ட இருந்துச்சாமே. பீரோல தேடிட்டோம், கெடைக்கல."

"பீரோவிலா?"

"ஆமா ஆண்ட்டி. நாலு மாசமா நான் அதத் தொறக்கவே இல்ல. இன்னிக்கு எல்லாத் துணியும் எடுத்து, ஒவ்வொண்ணா உதறிப் பாத்தோம். புர்கா பாக்கெட்லகூடப் பாத்தேன். பஸ் டிக்கெட்டுதான் இருந்துச்சு. வேற எங்க வெச்சிருப்பாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியவில்லையே ரிஸ்வானா" என்றேன்.

அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அவள் கொடுத்த துணிகளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டிருந்தானாம். அவள் அழுதபோது, "அக்கா சாவி எடுத்தா மறக்காது, எங்கயாவது பத்திரமா வெச்சிருக்கும்" என்றானாம். போனை வைத்த பிறகு நான் கைப்பையைத் திறக்கவில்லை. அது நாற்காலியில் இருந்தது. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஏஜென்டை அன்றே கேட்டுப் பார்த்தேன். நேபாளத்திலிருந்து இப்போது ஆள் வருவதில்லையாம். "எல்லாரும் கல்ஃப், மலேசியான்னு போறாங்க மேடம். இங்க வர்றவனும் அங்க போறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் நிக்கறான், அவ்ளோதான்" என்றார். வேறு எங்கிருந்து கொண்டுவரலாம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நாம் தேடிப் போன வெளிநாட்டுக்காரனுக்கும் போவதற்கு ஒரு வெளிநாடு இருக்கிறது. இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் என் பிழை என்று எழுத நினைத்தேன். அது பொய். எனக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால்தான் லாக்கர்.

இன்று ஞாயிறு. நாளைக் காலை அட்டையைக் கொடுத்துவிடுவேன். எங்கே கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. நீயாக இருந்தால் முதலில் சிரித்துவிட்டு, பிறகு சொல்லியிருப்பாய். எனக்கு அந்த வழி வராது.

*

மறுநாள் நடந்தது இதுதான். அப்படியே எழுதுகிறேன்.

ஆறரை மணிக்குப் போனேன். லோகு அரிசி களைந்துகொண்டிருந்தான். அவன் பார்க்கும்போதே லாக்கரைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

"எங்க கெடச்சுது மேடம்?"

"என் பையில். தொலையவே இல்லை லோகு. முதலிலிருந்தே என்னிடம்தான் இருந்தது."

அவன் ரிப்பனைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"போன வெள்ளிக்கெழம ரயிலப் புடிச்சிருக்கணும். மச்சான் அந்த வேலைக்கு வேற ஆள் பேரக் குடுத்துட்டான்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அட்டையை லாக்கருக்குள் பழைய இடத்திலேயே வைத்தான். "இங்கயே கெடக்கட்டும். இப்ப இன்னா வேல கீது இதுக்கு."

பிறகு, "ரிஸ்வானாகிட்ட சொல்லிடுங்க மேடம். இன்னும் தேடிகினு கீது" என்றான்.

சொன்னேன். "அப்ப துணியெல்லாம் மறுபடி அடுக்கிடறேன் ஆண்ட்டி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

லாக்கரை நான் பூட்டவில்லை. சாவி என் பையில்தான் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பதினொரு மணிக்கு லோகு கைகளை முழங்கை வரை கழுவி, உப்பு போட்டு, அடியிலிருந்து தூக்கி மாவைக் கலந்தான். சாயங்காலம் மூடிகளைத் திறந்து பார்த்தோம். எல்லா டப்பாவிலும் நன்றாகப் பொங்கியிருந்தது.