பாரம் இறங்கும் கால்

ஈஜிபுரா,
11.3.2001

அன்புள்ள உங்களுக்கு,

அனிமேஷன் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. போன வருடம் என்னைத் திருப்பி அனுப்பிய அதே மேடம்தான் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு என் படங்களைப் பார்த்து, "மூஞ்சியெல்லாம் நல்லா இருக்கும்மா, ஆனா ஒருத்தரும் தரையில நிக்கலையே" என்றார்.

அதனால் ஆறு மாதம் நான் முகமே வரையவில்லை. கழுத்துக் குழியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இழுத்து, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று மட்டும் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் எல்லோரும் என் நோட்டில் பெட்டியும் உருளையும்தான். குடத்தோடு நின்ற வீட்டுக்கார ரத்னம்மாவை வரைந்து காட்டினேன். "ஏம்மா, எனக்கு மூஞ்சி இல்லியா?" என்று கோபித்துக்கொண்டார். ஆனால் அது தான்தான் என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது.

கை தேறியதும் நம் ஆல்பத்தை எடுத்து, அதே கோட்டை உங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். கல்யாண ரிசப்ஷன், லால்பாக், நந்தி மலை, எல்லாவற்றிலும் என் பக்கம் இருக்கும் உங்கள் கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாரம் முழுவதும் என்னைவிட்டு விலகி நிற்கும் அந்தப் பக்கத்துக் காலில். இத்தனை நாள் நான் உங்கள் சிரிப்பை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் என்று அமெரிக்கா போனவர் இரண்டு வருடமாக ஏன் வரவில்லை என்று இனி கேட்க மாட்டேன். வந்தால் இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள், வரைகிறேன். முகத்தைக் கடைசியில்தான் போடுவேன்.

இப்படிக்கு,
ஆல்பத்தில் உங்கள் பக்கத்தில் நிற்பவள்