மூன்று முறை கூப்பிடவும்

செப். 13, ஞாயிறு

வெயில். மலைமேல் மட்டும் மேகம். படகின் பச்சைப் பூச்சு காயவில்லை. அத்தா அதற்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கைலியெல்லாம் பச்சை.

கடலூரிலிருந்து லாரியில் வந்த படகு. இத்தனை வருஷம் எங்கள் ஊர் க.குறிச்சியில் மளிகைக் கடையில் உட்கார்ந்தவருக்கு இப்படி ஓர் ஆசை. கோமுகி அணைக்கு அக்கரையில் காட்டிலாகா காத்துவைத்திருக்கும் காடு. மான், பறவை பார்க்க வருகிறவர்கள் கரையைச் சுற்றி நடக்க வேண்டாம், நேராகப் போய் இறங்கலாம். பக்கவாட்டில் ‘டாக்சிப் படகு’ என்று எழுதியாயிற்று.

வேடிக்கை பார்த்த ஒருவர்: “டாக்சின்னா மீட்டர் எங்க பாய்?”

அத்தா: “தண்ணிக்குள்ள ஓடிக்கினு கீது. குனிஞ்சு பாரு.”

படகோட்ட ஏகாம்பரம் அண்ணன். அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். ஒரே நிபந்தனை. அக்கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் கயிற்றை அவிழ்ப்பாராம். “ஒண்ணு, ரெண்டு எது வேணா கூப்புடும் பாப்பா. மனுசன்தான் மூணாவது வாட்டியும் கூப்புடுவான்.”

அத்தா சிரித்தார். பிறகு அதையே விதியாக்கிவிட்டார். அக்கரையில் நட ஒரு பலகை. வாசகம் நான் எழுதியது: ‘படகு வேண்டுவோர் மூன்று முறை கூப்பிடவும்.’

வாங்க வேண்டியது: கயிறு, சுண்ணாம்பு, எனக்கு ஒரு புட்டி பேனா மை.

செப். 14, திங்கள்

முதல் சவாரி. சேலத்துக் குடும்பம் ஒன்று. அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் தண்ணீருக்குள் இன்னும் நிற்கின்றன. படகின் அடியை நகத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம். சேலத்து அம்மாள் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பலகையை நானே பிடித்து நட்டேன்.

எல்லோரும் போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, அக்கரையிலிருந்து ஒரு கூப்பாடு. “ஓ...” என்று நீளமாக. மலை அதைத் திருப்பிச் சொன்னது. இன்னொன்று. அவ்வளவுதான். கரையில் ஆள் யாரும் தெரியவில்லை. ஏ. அண்ணன் பீடியை அணைத்து, காதில் செருகி, காத்திருந்தார். மூன்றாவது வரவில்லை.

“பாத்தியா” என்றார்.

செப். 15, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. நேற்று யாராவது நிஜமாகவே கூப்பிட்டிருந்தால்?

பொன்னி வந்தாள். மலைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். அக்கரைக்கு மேலே அவள் ஊர். வருகிறவர்களுக்குத் தேன் விற்கிறாள். நிறைமாதம். அந்த வயிற்றோடு கரையைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறாள். படகைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

“பலகய படிச்சிக் காட்டினாங்க. அந்த மாதிரி யாரு கூப்புடுவாங்க?”

அவர்கள் ஊரில் உயிரோடு இருப்பவரை இரண்டு தடவைதான் கூப்பிடுவார்களாம். மூன்றாவது, செத்தவருக்கு. பிணத்தை எடுக்கும்போது வாசலில் நின்று பேர் சொல்லி மூன்று தடவை. மூன்றாவது கேட்டதும் போக வேண்டியவர் போய்விடுவார்.

“உசுரோட கீறவங்க அதுக்கு வாய் தொறக்கக் கூடாதுங்க. தொறந்தா கூடவே போவணும்.”

நேற்றுக் கூப்பிட்டது அவள் புருஷன் சின்னையனா என்று கேட்டேன். இல்லையாம். நேற்று இரண்டு பேரும் மலைமேலே.

செப். 16, புதன்

புழுக்கம். நாளையிலிருந்து சாலை மறியல், இட ஒதுக்கீடு கேட்டு. பஸ் இருக்காதாம். அத்தா க.குறிச்சி போகவில்லை, படகை விட்டுவிட்டு வர மனமில்லை. அணைக்குப் பக்கத்து அறையில்தான் இருவரும்.

சின்னையன் வந்து அத்தா முன் நின்றார். பொன்னிக்கு வலி கண்டால் படகில்தான் இறக்க முடியும். “ரெண்டு தடவ கூப்புடுவேன். அதுக்கே வந்துடுங்க.”

ஏ. அண்ணன் முடியாது என்றார். அவர் பங்காளி ஒருவர் இரண்டாவது கூப்பாட்டுக்குப் போனவராம். பரிசல் மட்டும் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் மன்றாடினேன். கடைசியில்: “நீ கூட வந்தா வரேன்.”

பலகையைப் பிடுங்கிவிடலாம் என்றேன் அத்தாவிடம். “பெயின்ட் அடிச்சது, இருக்கட்டும்” என்றார்.

செப். 17, வியாழன்

காலையிலிருந்து கோடரிச் சத்தம். சாலையை மறிக்கப் புளியமரங்களைச் சாய்க்கிறார்கள். சத்தம் சாலைப் பக்கமிருந்து வரவில்லை, மலையில் மோதி அக்கரையிலிருந்து வருகிறது. காட்டுக்குள் யாரோ வெட்டுவதுபோல.

ஏ. அண்ணன் மகனும் மறியலில். “படிச்சிட்டு எரும மேய்ச்சிக்கினு கீறான். போவட்டும்.”

சவாரி இல்லை. கொண்டுவந்த புத்தகம் முடிந்துவிட்டது. மறுபடி முதல் பக்கம். மனம் ஓடவில்லை.

செப். 18, வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும்.

பொழுது சாயும்போது கூப்பாடு. ஒன்று. இரண்டு. நான் கயிற்றை அவிழ்த்தேன். ஏ. அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, துடுப்பை எடுத்தார்.

சின்னையன்தான். பொன்னியைத் தோளில் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். ஏற்றினோம். என் மடியில் அவள் தலை. கரையில் வேறு யாரும் இல்லை. நன்றாகப் பார்த்தேன். பலகை மட்டும்.

நடுத்தண்ணீரில், பின்னாலிருந்து, மூன்றாவது.

அது எதிரொலி அல்ல. எதிரொலி உடனே வந்துவிடும்.

ஏ. அண்ணனின் துடுப்பு நின்றது. மூன்றாவதைக் கேட்டால் அக்கரைக்குப் போயே பழகிய கை, படகைத் திருப்பத் தொடங்கிவிட்டது. சின்னையன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் “நேரா போங்க அண்ணே” என்றேன்.

பொன்னி கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டாருக்குச் சொல்வதுபோல மெதுவாக, “இரு, வரேன்” என்றாள்.

அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஏ. அண்ணன் மகன் சாய்ந்த மரங்களின்மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போட்டு, பக்கத்து ஊர் க.பாளையத்திலிருந்து நர்சம்மாவைக் கூட்டிவந்தான். எங்கள் அறையிலேயே பிரசவம். பெண் குழந்தை. இருவரும் நலம். அத்தா சர்க்கரை கொடுக்கிறார், மறியல்காரர்களுக்கும்.

செப். 19, சனி

நல்ல காற்று. பொன்னி கஞ்சி குடித்தாள், சிரித்தாள். குழந்தைக்கு என் மூக்காம்.

சின்னையன் என்னைத் தனியே கேட்டார்: “படகுல அவ வாய் தொறந்தாளா?”

இல்லை என்றேன்.

செப். 20, ஞாயிறு

மலைமேல் மழை. இங்கே இல்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்துவிட்டேன். குழந்தை அழுது எழுப்பியது. பாயில் அது மட்டும், என் தாவணியைச் சுற்றிக்கொண்டு. பொன்னி கொல்லைப்பக்கம் போயிருப்பாள் என்று நினைத்தேன். கொல்லையில் இல்லை.

ஏ. அண்ணன் கரையில் நின்று வெறுங்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இழுபடவில்லை, கையால் அவிழ்த்தது. படகு அக்கரையில், பலகைக்குக் கீழே, காலி. துடுப்பை ஒழுங்காக உள்ளே வைத்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

ஏ. அண்ணன் மகன் பரிசல் கொண்டுவர ஓடியிருக்கிறான். சின்னையன் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மலை திருப்பிச் சொன்னது. இன்னொரு தடவை கூப்பிட்டார்.

பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அத்தா மூன்றாவதாகக் கூப்பிட வாயெடுத்தார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

குழந்தை என் தோளில். பசி அதற்கு. இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. யாரும் சத்தம் போடாமல் நிற்கிறோம்.