செவலையின் தோலுக்கடியில்

அன்புள்ள அத்தைக்கு,

உயிரோடு இருந்தபோது உங்களை இப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இனித் திருப்பிப் பேச மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

உங்கள் பூனை செவலைக்கு உங்களுக்கு வந்த அதே நோய். கிட்னி போய்விட்டது. தோலுக்கடியில் தினமும் சலைன் ஏற்றினால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் பிழைக்காது என்றார் மிருகாசுபத்திரி டாக்டர். உங்கள் மகன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

நம் வீட்டில் ஊசி என்றால் மாட்டுக் கட்டுத்தரை அலமாரியில் இருப்பதுதானே? மாட்டுக்குக் கால்சியம் ஏற்றும் ஊசியைக் கொதிக்கவைத்து உங்கள் மகன் என் கையில் கொடுத்தார். குத்தினேன். செவலை அலறி என் கட்டைவிரலைக் கடித்தது. அவர் வாசலுக்கு ஓடிவிட்டார். மாட்டுத்தோலும் பூனைத்தோலும் ஒன்றா என்று டாக்டர் திட்டி, மெல்லிய ஊசி கொடுத்தனுப்பினார்.

அன்றிலிருந்து இது என் வேலை. பாட்டிலை வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி ஜன்னல் கம்பியில் மாட்டுவேன். பிடரித்தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்துவேன். தண்ணீர் இறங்க இறங்கத் தோளில் திமில்போல வீங்கும். அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு செவலை பீரோவுக்கு அடியில் போய்விடும். இப்போதெல்லாம் என் கொலுசுச் சத்தம் கேட்டாலே பயத்தில் மூத்திரம் போய்விடுகிறது. உங்களுக்கு என்னைப் பிடிக்காது, சரி. அதற்கும் சொல்லிக்கொடுத்துவிட்டா போனீர்கள்?

முடிந்ததும் உங்கள் மகன் உள்ளே வருவார். சொசைட்டியில் பாலை அளந்து பார்ப்பதுபோலப் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். பூனையைப் பார்க்க மாட்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று உங்களுக்குப் புரிகிறதா? டயாலிசிஸ் வேண்டாம் என்றீர்கள். "என்னையக் குத்தாதடா கண்ணு, ஊட்டுலயே கெடந்து போறேன்" என்றீர்கள். உடனே தலையாட்டினார். பாசத்தில் ஆட்டினார் என்றா நினைத்தீர்கள்? ஊசியென்றால் அவருக்குப் பயம், அத்தை. "வாம்மா, போயிட்டு வந்தர்லாம்" என்று ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அது இப்போது அவரை அரிக்கிறது. அதற்குக் குத்துப்படுவது செவலை, குத்துவது நான்.

நேற்றுச் சொல்லிப் பார்த்தேன்.

"உட்டுறலாமுங்க. திங்கறதுமில்ல, தண்ணி குடிக்கறதுமில்ல."

"எங்கம்மாவையும் இப்படித்தான உட்டோம்?"

"அவிங்க வேண்டாம்னு சொன்னாங்க. இதுக்கு வாயில்லீங்க."

"அப்ப போடு" என்று எழுந்து போய்விட்டார்.

இன்று காலை நான் செவலையைத் தூக்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்தி, சலைன் குழாயைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விட்டுத் திறந்தேன். வழக்கமாக ஆகும் நேரம் ஆகட்டும் என்று மெதுவாகச் சொட்டவிட்டேன். செவலை பீரோவுக்கு அடியில் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் குத்தவில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

"போட்டாச்சா?" என்றார் வெளியிலிருந்து.

"ஆச்சுங்க."

வந்து காலிப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். நீங்கள் போனபிறகு அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை.

நாளையும் தொட்டியில்தான் விடுவேன், செவலை போகும்வரைக்கும். புதைத்துவிட்டு வந்து, "நம்மளால ஆனதெல்லாம் பண்ணுனோமல்ல?" என்று கேட்பார். ஆமாங்க என்பேன். உங்களைப் பற்றியும் ஒருநாள் அதையே கேட்பார். அதற்கும் ஆமாங்க என்றே சொல்வேன், அத்தை. இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கடைசிவரை பிடிக்காத
மருமகள்