ஒரே கை ஏழு சுரத்துக்கு ஆகாது

அலோன், யாங்கோன்
10.1.2025

அன்புள்ள தம்பி தனசேகரனுக்கு,

அண்ணிக்குக் காது மந்தம் என்று பஜனைக் குழுவில் சொல்கிறீர்களாம். தவறு. நன்றாகக் கேட்டதால்தான் ஒத்திகையில் ஆர்மோனியத்தைப் பாதியில் நிறுத்தினேன்.

நாம் பாடுவது சங்கராபரணம். அதன் ஏழு சுரங்களிலிருந்துதான் கார்டுகளையும், அதாவது மும்மூன்று சுரமாய்ச் சேர்ந்தொலிக்கும் கொத்துகளையும், எடுக்க வேண்டும். ஒன்றைப் பிடித்து ஒன்றை விட்டு. ச, க, ப. அடுத்தது ரி, ம, த. நீங்களோ ச-வில் வைத்த கையை, விரல் இடைவெளி மாறாமல், கீபோர்டில் அப்படியே நகர்த்துகிறீர்கள். சந்தோஷமான பாட்டு என்று எல்லாவற்றுக்கும் களிப்பாக ஒலிக்கும் மேஜர் கார்டு! ரி-யில் அப்படி வைத்தால் நடுவிரல் ம-வைத் தாண்டிப் பக்கத்துக் கறுப்புக் கட்டையில் விழும். நம் பாடகி தெய்வானை ம பாடுவாள், உங்கள் பெட்டி அவளோடு மல்லுக்கு நிற்கும். ரி, க, த மூன்றுக்கும் சோகச் சாயலுள்ள மைனர்தான். கான்வென்ட்டில் சிஸ்டர் விரலில் தட்டிச் சொன்ன பாடம், மறக்காது.

தைப்பூச மேடையில் நான் வேண்டாம் என்றால் சரி, குழு உங்களுடையது. இதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கனகாம்பாள்

தாகேதா, யாங்கோன்
18.1.2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நேற்று கோயில் கூடத்து ஒத்திகையில் முதலில் என் வழியிலும் பிறகு உங்கள் வழியிலும் வாசித்தேன். நாலாவது அடியில் எப்போதும் பிசகும் தெய்வானை உங்கள் வழியில் பிசகவே இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் அண்ணன் என்பதற்குப் பர்மிய 'கோ' போட்டு, "யோவ் கோ தனசேகரு, இத்தன நாளா என் தொண்டையவா வஞ்ச? ஒன் வெரலுல்ல கோணல்!" என்றாள். கூடமே சிரித்தது. மறுபடி பாடியபோது குருக்களே வெளியே வந்து நின்றார். உங்களைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். மேடையில் நீங்கள்தான் வாசிக்க வேண்டும். கீபோர்டை உறையில் போட்டுவிட்டேன்.

தனசேகரன்

அலோன்
20.1.2025

அன்புள்ள தம்பி,

ஜெயித்தது நான். சிரிக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்காகக் கீபோர்டை ஏன் மூடினீர்கள்? ஆர்மோனியத்தில் மெட்டு நான் வாசிக்கிறேன். கார்டு உங்கள் கையில். இந்த ஊர்க் கோயிலில் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நி-யின் கார்டு மேஜருமல்ல, மைனருமல்ல, தவிக்கும் கார்டு. அங்கே நிற்காமல் ச-வுக்கு வந்துவிடுங்கள்.

தெய்வானைக்குச் சுருதி ஐந்து கட்டை வசதியா, ஐந்தரையா? அவளிடம் கேட்டு எழுத்தில் பதில் அனுப்புங்கள்; எனக்குத்தான் காது மந்தமாயிற்றே.

கனகாம்பாள்