தலையணை உறையில் ஒரு பெயர்

கொடைக்கானல்,
1963, வைகாசி 5

அன்பு மகன் பொன்னுவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆளுக்கொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு நன்றாக இருக்கிறோம், அங்கே பிலாய் வெயிலிலும் ஆலைச் சூட்டிலும் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை, ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதி. கடிதம் பழனியிலிருந்து வராமல் கொடைக்கானல் முத்திரையோடு வருகிறதே என்று திகைக்காதே. பங்குனியில் அப்பாவுக்கு வந்த குடற்காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் உடம்பு பழையபடி தேறவில்லை, வெயில் தணியும் வரை பழனியில் இருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாசியில் நீ எழுதிய கடிதத்தால்தான் காய்ச்சலே வந்தது என்று உன் அத்தை வீடு வீடாகச் சொல்லித் திரிகிறாள், நீ அதை மனதில் போட்டுக்கொள்ளாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நான் சொன்னதை அப்பா கேட்காததால் வந்தது அது. தைப்பூசத்துக்கு வரும்போதெல்லாம் நம் வீட்டில் தங்குவாரே மதுரைத் துணிக்கடைக்காரர், அவர்தான் மலையில் என் பங்களா சும்மாதானே கிடக்கிறது, ஆனி பிறக்கும் வரை போய் இருங்கள் என்று சாவியைக் கொடுத்தனுப்பினார். அடிவாரத்து விபூதிக் கடையை உன் சித்தப்பா திருமலைச்சாமி பார்த்துக்கொள்கிறார், எனக்கும் பள்ளி விடுமுறை, கிளம்பிவிட்டோம். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது வளைவுக்கு வளைவு அப்பா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார், நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து சேர்ந்தேன்.

முதல் சில நாள் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இருட்டோடு விழிப்பு வந்துவிடும், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்து உட்கார்ந்தால் ஓடுவதற்குப் பள்ளியும் இல்லை, அதட்டுவதற்குப் பிள்ளைகளும் இல்லை. கடைத்தெருவில் எந்தப் பலகையிலாவது எழுத்துப்பிழை கண்டால் நின்றுவிடுகிறேன், அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இப்போது பழகிவிட்டது. காலையில் சன்னல் ஓரம் வெயில் விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், வெயில் நகர நகர நானும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே போகிறேன், அதுவே ஒரு பொழுது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற கருப்பம்மாள் பக்கத்துப் பள்ளங்கிக் கிராமத்துக்காரி, பின்கட்டிலேயே இருக்கிறாள், நல்ல மனுசி. அவள் தம்பி தோட்டத்திலிருந்து ஒரு கூடை பட்டாணி கொண்டுவந்து கொட்டுவாள், நாங்கள் இருவரும் உரிக்க உட்கார்வோம், உரிப்பதில் பாதி வாய்க்குள் போய்விடும், பச்சைப் பட்டாணி இவ்வளவு இனிக்கும் என்று இத்தனை வயதில்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் கதையைக் கேள். ஏழு ரோட்டுச் சந்திப்பில் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கினார், பழுப்பு நிறம், போட்டால் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும். வாங்கிய நாளிலிருந்து குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார். மத்தியானம் வெயில் உறைத்தால் சுருட்டி நெற்றிக்கு மேலே ஏற்றிக்கொள்வார், அவ்வளவுதான். ஏரிக்கரையில் எதிரே வந்த ஒரு குழந்தை இவரைப் பார்த்து அழுதது, இவர் குல்லாயைத் தூக்கி முகத்தைக் காட்டினார், அது இன்னும் சத்தமாக அழுதது.

தையல் ஊசியைத் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓட்டுத் தையலும் பித்தான் தைக்கவும் சொல்லிக் கொடுப்பதோடு சரி, எனக்கென்று உட்கார்ந்து ஒரு பூ தைத்ததில்லை. இங்கே வந்ததும் ஆசை வந்துவிட்டது. வெள்ளைத் துணி, மர வளையம், ஊதாவும் பச்சையும் சிவப்புமாக நூல், எல்லாம் வாங்கினேன். பட்டாணிப் பூவே தைக்கலாம் என்று தோட்டத்திலிருந்து ஒரு கொடியைப் பறித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைத்தேன், வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூ எடுப்பாகத் தெரியாது என்று ஊதா நூலைப் போட்டேன், எங்க ஊருப் பட்டாணி இப்படிப் பூத்தா நாங்க சோலியை விட்டுட்டு வேடிக்கை பார்க்கத்தான் போவோம் என்று கருப்பம்மாள் சிரித்தாள். இந்த ஊர் ஈரத்தில் ஊசி துணியில் சிக்கிக்கொள்கிறது, தலைமுடியில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு நாள் பொழுது சாயும் நேரம் ஊசி முறிந்துவிட்டது, அவசரமாகக் கடைக்கு ஓடினேன், கடைக்காரர் விளக்கு ஏற்றிவிட்டார், விளக்கு வச்ச பிறகு அதைக் கேட்காதீங்கம்மா, நாளைக்கு வெள்ளனே வாங்க என்று கைகூப்பிவிட்டார், ஊசி என்ற சொல்லைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான், ஆனால் மறுநாள் காலை வரை கையில் வேலையே இல்லாமல் அப்பாவோடு உட்கார்ந்து மஞ்சு இறங்குவதைப் பார்த்ததும் நன்றாகத்தான் இருந்தது.

இவ்வளவு ஆசையாக என்ன தைத்தேன் என்று நீ கேட்பாய். ஒரு சோடித் தலையணை உறை, உனக்கும் அந்தப் பெண்ணுக்கும். ஆமாம், உனக்குத்தான். கார்த்திகையில் நாகபுரியில் பெண் வீட்டில் திருமணம், நீங்கள் இருவரும் வந்து நின்றால்தான் அது எனக்குத் திருமணம், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற நாளைப் போல இருக்கும் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. ஆயக்குடியில் உனக்கென்று ஒரு பெண்ணைப் பார்த்து மனதுக்குள் மருமகளாக்கி வைத்திருந்தேன், உன் கடிதம் வந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அழுது முடித்த பிறகு, தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, உன் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த அந்த மராத்திப் பெண் எப்படி இருப்பாள் என்று பார்க்க ஆசையும் வந்துவிட்டது. அப்பாதான் அசையவில்லை. அந்தப் பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கப்படாது என்று ஒரே பேச்சு, அதற்குப் பிறகு உன்னைப் பற்றியே வாய் திறக்கவில்லை. மலைக்கு வந்தும் அப்படியேதான். அதனால் பள்ளிக் கண்காட்சிக்குத் தைக்கிறேன் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, அவர் நடக்கப் போகும்போது அவள் உறையைத் தைப்பேன், வரும் சத்தம் கேட்டால் சேலைகளுக்கு அடியில் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். மூலையில் பட்டாணிக் கொடி, நடுவில் சிவப்பு நூலில் அவள் பெயர். என் கொள்கைதான் உனக்குத் தெரியுமே, நான் வடவெழுத்து எழுதுகிறவள் இல்லை. சிறுவயதில் நீ ராசாவை அந்த எழுத்தில் எழுதியதற்குக் குட்டு வாங்கியிருக்கிறாய். அதனால் சோபா என்று தமிழெழுத்தில் தைத்தேன், காம்புத் தையல், ஒவ்வொரு எழுத்தும் என் விரல் நீளம், என் கையெழுத்தைவிட அழகாக வந்தது. அதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை பார்.

போன வியாழக்கிழமை நூல் தீர்ந்துபோய்க் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்து கூடத்தில் கால் வைத்தேன். இந்த வீட்டுக் கூடத்தில் வெள்ளைக்காரர் காலத்துச் சோபா ஒன்று கிடக்கிறது, அப்பா மத்தியானம் சாய்வது அதில்தான். அதிலிருந்த திண்டுக்கு நான் தைத்த உறையைப் போட்டு, அதன் மேல் கன்னத்தை வைத்து, குல்லாயை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுப்படிக்கு ஓடிக் கருப்பம்மாளைப் பிடித்தேன். அவளுக்கு என் பதற்றமே விளங்கவில்லை. துணி மடிச்சு வைக்கப் பெட்டியைத் திறந்தேன் டீச்சரம்மா, சோபான்னு கொட்டை எழுத்துல பேரே தச்சு வச்சிருக்கீங்க, அளவும் சரியா இருந்துச்சு, பெட்டிக்குள்ள சும்மா கெடக்கேன்னு எடுத்துப் போட்டேன், ஐயா கூட என்ன இதுன்னு கேட்டாக, டீச்சரம்மா சோபாவுக்குத் தச்சதுன்னு சொன்னேன் என்றாள். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, மிசன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை படித்து எழுத்துக் கூட்டிப் படிப்பவள், எழுதியிருந்ததைத்தான் படித்தாள். பிள்ளைகளுக்கு ஆயிரம் பிழை திருத்திய நான் என் மருமகளை நாற்காலி மேசையோடு சேர்த்துவிட்டேன்.

அப்பா எழுந்தார். கன்னத்தில் பட்டாணிப் பூவின் முடிச்சுகள் வரிசையாகப் பதிந்திருந்தன, எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சோபாவுக்கு எவளாவது பேரு தச்சுப் போடுவாளா, இது அந்தப் புள்ள பேருதானே என்றார். நான் ஆமாம் என்றேன், அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பு இல்லை. தப்பால்ல போட்டிருக்க, அவன் ஷ போட்டுல்ல எழுதியிருந்தான் என்றார். உன் கடிதத்தை அவர் தொடவே இல்லை என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், பார்த்துக்கொள். அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா, தமிழில் இப்படித்தான் எழுத வேண்டும், அந்த எழுத்து நமக்கு வேண்டாம் என்று வாதாடினேன். அவருக்கு வந்ததே கோபம். உன் பேருல இருந்த ஷ-வை நீயே பிச்சு எறிஞ்ச, அது உன் பேரு, போகட்டும். ஷண்முக விலாசம்னு இருக்கிற என் கடைப் பலகையில இருந்தும் எடுக்கச் சொன்ன, நான் எடுக்கல. இது எங்கேயோ ஒரு வீட்டுல ஒரு அப்பனும் ஆத்தாளும் ஆசையா வச்ச பேரு, அதுல கை வைக்க நீ யாரு? பத்திரிகையிலயும் இப்படியே அடிச்சுவச்சேன்னா, ஞானவேல் பேரன் மரச்சாமானைக் கட்டிக்கிட்டான்னு அடிவாரமே கைகொட்டிச் சிரிக்கும் என்றார். உன் தாத்தா பெயரை இழுத்ததும் எனக்கு இன்னும் சூடு ஏறியது, எழுத்தைப் பற்றியே இன்னும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றேன். சட்டி கழுவப் போன பிறகுதான் பத்திரிகை என்றாரே என்பது உறைத்தது. கையில் சட்டியோடு அப்படியே நின்று அழுதேன் பொன்னு, கருப்பம்மாள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

அன்று சாயங்காலமே ச-வை மட்டும் பிரித்தேன், முன்னும் பின்னும் உள்ள கொம்பும் காலும் அப்படியே நிற்கின்றன. ஷ எழுதி எனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று, இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், கோணலாகவே வந்தது. அப்பா பென்சிலை வாங்கி, வாழ்நாளெல்லாம் விபூதிப் பொட்டலத்தில் எழுதிய கை அல்லவா, துணியில் ஒரே இழுப்பில் எழுதிக் கொடுத்தார். பேரை எடுக்கக்கூடாது என்றவர்தான். அதன் மேலேயே தைத்திருக்கிறேன். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் இருக்கின்றன, உற்றுப் பார்த்தால் ச தெரியும், ஷோபா பார்த்துக் கேட்டால் உன் மாமியார் பிடிவாதக்காரி என்று இப்போதே சொல்லி வை. உன் பெயர் போட்டதும் முடிந்துவிட்டது, இரண்டையும் பார்சலில் அனுப்புகிறேன், சுடுதண்ணீரில் போடாதீர்கள், சிவப்பு நூல் சாயம் விடும்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஷோபா வீட்டில் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று மறைக்காமல் எழுது, அவள் அம்மாவுக்கும் வருத்தம் இருக்கும், அவர்களிடம் வெடுக்கென்று பேசாமல் பணிவாகப் பேசு. திருமணத்துக்கு வருகிறீர்களா என்று அப்பாவிடம் நான் கேட்கவில்லை, நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், உனக்குத் தெரியாதா. ஆனால் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார், அவனிடம் ஒன்று கேட்டு எழுது என்றார். கார்த்திகை மாதம் நாகபுரியில் குளிர் எப்படி இருக்கும், இந்தக் குல்லாய் போதுமா, இல்லை இங்கேயே இன்னும் கனமாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஊருக்கு இறங்குவதற்குள் பதில் வேண்டுமாம், மறக்காமல் எழுது.

பழனியாண்டவன் உன்னையும் ஷோபாவையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

இருவருக்கும் ஆசி கூறும் அம்மா,
சண்முகசுந்தரி