உடுத்தாத வெள்ளை

1935 ஒக்தோபர் 6, ஞாயிறு. கட்டுகஸ்தோட்டை.
என்னைக் கட்டிய மாப்பிள்ளையின் சுகத்துக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி முடிந்தபோது இருந்தவர்கள்: திரைக்கு அப்பால் அவருக்கு மூத்த காக்கா ஜமால்தீன் மச்சான். இப்பால் நானும் அவர் மனைவி றம்ஸியா மதினியும். வாசலில் பத்திரிகையோடு அடுத்த வீட்டு இராஜேஸ்வரி டீச்சர்.

இத்தாலிக்காரன் ஹபஷாவுக்குள் படையோடு நுழைந்துவிட்டான். பத்திரிகையில் அபிசீனியா என்று போடுகிறார்கள். என் மாப்பிள்ளை மக்கீன் அங்கேதான், அடிஸ் அபாபாவில், ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுகிறார். நபித்தோழர்கள் அடைக்கலம் தேடிப் போன மண். அல்லாஹ் காப்பான். எனக்கு அவரைவிட்டால் பிள்ளைகுட்டியும் இல்லை.

நவம்பர் 18
ஐம்பது நாடுகள் சேர்ந்து இன்று முதல் இத்தாலியோடு வியாபாரத்தை நிறுத்துகின்றனவாம். "துவக்கு பீரங்கி எடுக்காமலே வழிக்குக் கொண்டுவரப் பாக்கினம் அக்கா" என்றா டீச்சர். அடிக்காமல் அடுப்பை அணைப்பது. அதுவும் ஒரு பலம்தானோ? ஆனால் பெட்ரோலை மட்டும் நிறுத்தவில்லையாம். ஆகாயக் கப்பல் எதில் பறக்கிறது?

டிசம்பர் 27
பெருநாள். வட்டிலாப்பம் செய்தேன். யார் சாப்பிட?

1936 மே 8
ஹபஷா ராஜா கப்பலேறிவிட்டார். அடிஸ் அபாபாவில் கடைகளைச் சூறையாடி எரித்திருக்கிறார்கள், அதன்பிறகு இத்தாலிக்காரன் உள்ளே வந்திருக்கிறான். எந்தெந்தக் கடை என்று பத்திரிகையில் இல்லை. இரண்டு தடவை படித்தேன். இல்லை.

மே 31, ஞாயிறு
ஏடனிலிருந்து கொழும்புக்கு வந்த யாரோ, இவர் கணக்கெழுதும் கடை எரிந்தது, உள்ளே இருந்தவர்கள் தப்பவில்லை என்றானாம். கண்ணால் கண்டானா? மச்சான் கேட்கவில்லை. கேட்காமலே தன் ஊர் கலகெதரப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து இவருக்காகக் காயிப் ஜனாஸா தொழுவித்துவிட்டார். மையித்தை, உடலைக்கூடக் காணாமல் தொழுத இறுதித் தொழுகை.

இன்று திரைக்கு அப்பால் நின்று சொன்னார்: "வெள்ளை உடுத்து இத்தாவுக்கு இருங்க. ஊருக்கு முன்னால நான் தலகுனிய ஏலா."

நாலு மாதமும் பத்து நாளும் உள்ளறையில். விதவை இருக்க வேண்டியதுதான். நான் விதவையா?

நானாக எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் என் படிப்பு. மார்க்கப் புத்தகத்தைப் புரட்டினேன். காணாமல் போனவனின் மனைவி, அவனுடைய மௌத்து, சாவு உறுதியாகும்வரை மனைவிதான். அதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். பொம்பளை கிதாபு படித்தால் இப்படித்தான் என்று எழும்பிப் போனார்.

ஜூன் 14
கலகெதரவிலிருந்து மாதாமாதம் வரும் அரிசி வரவில்லை. கணக்கில் அரிசிக்கு நேரே கோடு போட்டேன். தேங்காய் மட்டும் வந்திருக்கிறது. மச்சானும் அந்த ஐம்பது நாடுகளைப் போலத்தான்! சிரித்துவிட்டேன். வெறும் வீட்டில் என் சிரிப்பு எனக்கே பயமாக இருந்தது.

மரவள்ளி அவித்தேன்.

ஜூலை 16
இத்தாலிமேல் போட்ட தடையை நேற்று எடுத்துவிட்டார்களாம். வென்றவனோடு இனிக் கொடுக்கல் வாங்கல்.

இன்று மதினி வந்தா, வண்டியில் ஒரு மூடை அரிசியோடு. மச்சானுக்குத் தெரிந்தா, தெரியாமலா — கேட்கவில்லை. என் தலைக்கு எண்ணெய் வைத்தா. சோறாக்கித் தந்தா. எத்தனை நாளைக்குப் பிறகு இன்னொருவர் கையால் சோறு! பிறகு பன்புல் பையிலிருந்து வெள்ளைப் புடவையை எடுத்து என் மடியில் வைத்தா.

"எனக்காக உடுத்துங்க புள்ள. ஒவ்வொரு நாளும் நான் வந்து உங்களோட ஈக்கிறேன். உங்கள தனிய உடமாட்டேன்."

அதட்டலுக்கு நான் அசையவில்லை. அரிசி நின்றதற்கும் அசையவில்லை. இதற்குக் கை தானாகப் போய்ப் புடவையைத் தடவியது. இந்தக் கண்டியை ஆளும் வெள்ளைக்காரனின் பீரங்கியை நாங்கள் எங்கே கண்டோம்? தன் மகனை அவனுடைய இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க மதினியே அல்லவா அழுது நேர்ச்சை வைத்தா. இப்படியும் ஒருவரை ஆளலாம். ஆளப்படுகிறவருக்கு அது இனிக்கவும் இனிக்கும்.

நாலு மாதம் பக்கத்தில் ஒரு ஆள். ஆனால் அதற்கு இவர் மௌத்தாக வேண்டுமே.

மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "அவர் வந்து கேட்டா என்ன பதில் செல்ல, மதினி?"

மதினி புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினா. வண்டி பாலத்தருகே திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன்.

ஆகஸ்ட் 9
மதினி வரவில்லை. டீச்சரும் லீவுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டா. இன்று முழுக்க யாரோடும் ஒரு சொல் பேசவில்லை. குர்ஆனைச் சத்தமாக ஓதினேன், குரல் இருக்கிறதா என்று பார்க்க.

ஆகஸ்ட் 23
ஜிபுத்தியில் உள்ள இவர் கடை ஏஜெண்டின் விலாசத்துக்கு நாளை போடப்போகும் கடிதத்தை இங்கே எழுதி வைக்கிறேன்:

மக்கீன் அவர்களுக்கு, மனைவி பாயிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஊரில் உங்களுக்கு ஜனாஸா தொழுதுவிட்டார்கள். நான் இத்தாவுக்கு இருக்கவில்லை. அதனால் மதினி இப்போது வருவதில்லை. அவவோடு கோபித்துக்கொள்ள வேண்டாம், நல்ல மனதோடுதான் வந்தா. நான் சுகம். இதற்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.